மகனின் பொக்கிஷப் பெட்டியும் இரவு ஜெபமும்: செய்து பார்த்த அனுபவம்

நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், துணி துவைக்கும் முன் ஒவ்வொரு சட்டைப்பையையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூழாங்கல், பித்தான், விளிம்புடைந்த சிப்பி, ஜிகினாத் தாள், எதிலிருந்து கழன்றதென்று தெரியாத திருகாணி என என் மகன் சேர்த்தவை முதலில் ஜன்னல் விளிம்பிலும், பிறகு தலையணைக்கு அடியிலும் குவிந்தன. தவழத் தொடங்கியிருக்கும் அவன் தங்கைக்கோ கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகும் பருவம். ஓய்வு நேரத்தில் மரவேலை பழகுபவன் என்பதால், இவற்றுக்கென்று ஒரு பெட்டி செய்யத் தொடங்கினேன். இரவு ஜெபத்தில் அந்தப் பெட்டிக்கும் ஓர் இடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள் மனைவி. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்ததால், இந்தக் குறிப்பிலும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜெபத்துக்கான யோசனை வேதாகமத்திலுள்ள யோசுவாவின் புத்தகத்திலிருந்து வந்தது. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராக ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்து வந்தார்கள். அவை கில்காலில் நாட்டப்பட்டன. இந்தக் கற்கள் எதற்காக என்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். கல் பிள்ளையிடம் இருக்கிறது. அது எதற்காக என்று அறியாதவன் நான். ஆகவே நான் கேட்பது, அவன் சொல்வது, பிறகு இருவருமாக ஜெபிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

பெட்டிக்கு 6 மி.மீ. பிளைவுட்டும், உட்தடுப்புகளுக்கு 3 மி.மீ. பிளைவுட்டும் எடுத்தேன். நீளம் 300, அகலம் 200, உட்புற ஆழம் 50 மி.மீ. தடுப்புப் பட்டைகள் 40 மி.மீ. உயரம், ஒவ்வொன்றிலும் பாதி உயரம்வரை, அதாவது 20 மி.மீ., வெட்டுவாய் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே செருகிவிட்டால் கட்டங்கள் தாமாகவே நிற்கும். வெட்டுவாயின் அகலம் பட்டையின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இறுக்கமானால் பிளைவுட்டின் மேல்தோல் பிய்ந்துகொண்டு வரும். தடுப்புகளை வேண்டுமென்றே பசை வைத்து ஒட்டவில்லை. குழந்தையின் சேகரிப்புக்கு அளவுக் கணக்கு கிடையாது. இன்று பித்தான் இருக்கும் கட்டத்துக்கு நாளை ஒரு மரப்பட்டை வந்து சேரலாம். விளிம்புகளை 80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, வார்னிஷ் பூசாமல் தேன்மெழுகு மட்டும் தடவினேன். அடியில் விரித்த துணி கையோடு எடுத்து உதறக்கூடியது. மணல் எவ்வளவு சேர்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கீல் வைத்த மூடி விரலை நசுக்கும் என்பதால், பள்ளத்தில் நகரும் மூடியாகச் செய்தேன். தங்கை அதைத் தள்ளித் திறந்துவிடாதிருக்க ஒரு மர முளை தேவைப்பட்டது. ஆனால் அந்த முளையே அவள் வாய்க்குள் போகக்கூடாதே! மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளில் சிறு பாகங்கள் உண்டா என்று சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; சரிவான அதன் அடி, 25.4 முதல் 57.1 மி.மீ. வரை ஆழமுள்ளது. ஏதாவது ஒரு நிலையில் வைக்கும்போது அதற்குள் முழுமையாக அடங்கிவிடும் பொருள் அந்த வயதுக்கு ஆபத்து. அதனால் முளையை 90 மி.மீ. நீளத்துக்குச் சீவினேன். பெட்டிக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த உருளைக்குள் அடங்கிவிடும். எனவே, முளை இருந்தாலும், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே பெட்டி திறக்கும் என்பது வீட்டு விதி.

எல்லாவற்றையும் உள்ளே விட முடியாது. அவன் சேகரிப்பில் குன்றிமணிகள் இருந்தன. பவளச் சிவப்பும் கறுப்புப் பொட்டுமாகப் பார்க்க அத்தனை அழகு. உள்ளே இருப்பதோ அப்ரின் என்ற கொடிய நஞ்சு. கெட்டியான தோல் உடையாமல் விழுங்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ துளையிட்டாலோ விபரீதம். பித்தான் வடிவ பேட்டரி ஒன்றும் கிடைத்தது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடும். பேட்டரியை அன்றே அப்புறப்படுத்தினோம். குன்றிமணிகளைத் திருகு மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அவன் பெயரை எழுதி, எட்டாத அலமாரியின் பூட்டுக்குள் வைத்தோம். உடைமை அவனுடையதே, இடம் மட்டும் மாறுகிறது என்று சொன்னதும் சண்டையின்றி ஒப்புக்கொண்டான். பறித்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

சிப்பிகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே போதும். வினிகர் வேண்டாம், சிப்பி கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும்.

கற்களில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஈரமாக இருந்தபோது கருநீலமாக மின்னிய கல், காய்ந்ததும் சாம்பல் பூத்துப் போனது. மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களைத் தண்ணீர்ப் படலம் நிரப்பும்போது ஒளி சிதறுவது குறைந்து நிறம் ஆழமாகத் தெரிகிறது. தேன்மெழுகு தேய்த்தால் அந்த மினுக்கம் ஓரளவு நிலைக்கும். மெழுகோடு நான் உட்கார்ந்ததும் அவன் கல்லைப் பிடுங்கிக்கொண்டான். “வேணாம்ப்பா, அது தூங்குது. தண்ணி குடுத்தா முழிச்சுக்கும்.” இந்த வயதுக் குழந்தைகள் உயிரற்றவற்றுக்கும் உயிரும் எண்ணமும் உண்டென்று கருதுவதை உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே எழுதிவிட்டார். திருத்தவேண்டிய பிழையாக அது எனக்குத் தோன்றவில்லை. இப்போது பெட்டியருகே ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. ஜெபத்துக்கு முன் கல் எழுப்பப்படுகிறது.

ஒவ்வோர் இரவும் அவன் ஒரு பொருளை எடுக்கிறான். “இதை யார் உண்டாக்கினார்?” என்று கேட்டுப் பார்த்தோம். எதிர்பார்க்கும் விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால், “இயேசப்பா” என்று ஒப்பித்துவிட்டுப் படுக்கப் போனான். “இதப் பத்திச் சொல்லு” என்று மாற்றியபின் பேச்சு நீண்டது. திருகாணி ஒரு ரயிலிலிருந்து விழுந்ததாம். ரயிலுக்கு வலிக்காமல் இருக்க வேண்டுமாம். அதுவே அன்றைய ஜெபம். பெரியவர்கள் ஜெபத்தில் வழக்கமாகச் சொல்லும் தொடர்கள் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்காமல் இன்னொன்றின் வலிக்காக மன்றாடுவது எங்களில் எத்தனை பேருக்குத் தானாக வருகிறது?

பிறகு ஒரு நாள் அவனுடைய நீல இறகு காணாமல் போனது. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய உவமையை அவன் கேட்டிருந்ததால், டார்ச் விளக்கோடு கட்டிலுக்கு அடியெல்லாம் தேடினோம். கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தோம். உவமையில் காசு கிடைக்கிறது. எங்களுக்கு இறகு கிடைக்கவில்லை. அதே போன்ற ஒன்றைத் தேடிப் பிடித்து இரவோடிரவாக வைத்துவிடலாம் என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டோம், செய்யவில்லை. கடவுளின் பெயரால் பிள்ளையை ஏமாற்றுவது எனக்கு ஒப்பவில்லை. “இயேசப்பாவுக்குக் கேக்கலையா?” என்றான். கேட்டிருப்பார், இறகு எங்கே போனதென்று எனக்குத்தான் தெரியவில்லை என்றேன். அந்தக் கட்டத்தில் வேறெதையும் வைக்க அவன் சில வாரங்கள் விடவில்லை. பிறகு ஒரு பித்தானைத் தானே வைத்தான்.

இத்தனை சேர்த்திருக்கிறானே, ஒன்றிரண்டைப் பிறருக்குக் கொடுக்கப் பழக்கக்கூடாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கையாக அவளாகவே போட்டாள். நாம் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கவைப்பது தானமாகாது என்பதால், கொடு என்று இதுவரை சொல்லவில்லை. அண்மையில் தங்கை அழுதபோது, தன் சேகரிப்பிலேயே பெரிய சிப்பியை, “சின்னது வேணாம், முழுங்கிடுவா” என்று சொல்லி அவள் கையில் வைத்தான். தூங்கியதும் திரும்ப எடுத்துக்கொண்டான். அதில் குறை காண எனக்கு மனமில்லை.

இப்போது பெட்டி நிரம்பிவிட்டது. மேலே பொருந்தும்படி 15 மி.மீ. ஆழத்தில், இலைகளுக்கும் இறகுகளுக்குமாக ஒரு தட்டு செய்யப் பட்டைகளை அறுத்து வைத்திருக்கிறேன். தட்டு உட்கார உள்தடுப்புகளின் உயரத்தை 30 மி.மீ. ஆகக் குறைக்க வேண்டும். அதற்குள் அடங்காத மரப்பட்டையை எங்கே வைப்பது என்பதை மகன் இன்னும் முடிவு செய்யவில்லை.