சீட்டு கேட்காத பந்தி

லண்டனில், கையில் காசில்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கிற உணவு வங்கி அது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்தப் பையன். நீட்டிய சீட்டில் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்பாதி பைபிளிலிருந்தும் பின்பாதி தாத்தாவிடமிருந்தும் வந்த பெயர். நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் எங்கேயோதான் ஞானஸ்நானம் நடந்திருக்க வேண்டும். "எந்த ஊரு தம்பி?" என்றேன். அவன் நிமிரவே இல்லை. கொஞ்சம் அவசரம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாஸ்தா, தக்காளி டின், பீன்ஸ், பால் பெட்டி, டீத்தூள் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

ஊரைக் கேட்பது நம்மிடையே முகமன். அன்றைக்கு அவனுக்கு அது விசாரணையாகத்தான் பட்டிருக்கும். மாணவர் விசாவில் வந்தவர்கள் படிப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அரசு உதவிப் பணம் எதற்கும் உரிமை கிடையாது. லண்டன் வாடகையோ 20 மணி நேரத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. ஊரில் வயலை ஈடு வைத்து அனுப்பியிருப்பார்கள். வீடியோ காலில் அம்மா வரும்போது நல்ல சுவராகப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். இங்கே வந்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேரை அப்படிப் பார்த்துவிட்டேன்!

மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து கிழக்கு லண்டனில் மேனர் பார்க் பக்கம் குடிவந்தோம். நான் பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காய், கருவாடு, உளுந்து, அப்பளம் எல்லாம் கிடைக்கும். இட்லிக்கு ஏங்கித் தவிக்கிற கதையெல்லாம் எனக்கு இல்லை. குளிரும் பழகிவிட்டது. ஆலயம்தான் பழகவில்லை. எங்கள் ஊரில் முதல் மணிக்குக் குளித்து, இரண்டாம் மணிக்குச் சட்டை மாட்டி, பாமாலை ஆரம்பிப்பதற்குள் இடம் பிடிக்க வேண்டும். இங்கே எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்காரலாம், ஒரு வரிசையே ஒரு ஆளுக்குக் கிடைக்கும். பாட்டை எல்லாரும் தங்களுக்குள்ளேயே பாடிக்கொள்வார்கள். நான் நம் ஊர்க் குரலில் எடுத்தால் முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நமக்கு மிஷனரிகளை அனுப்பிய நாட்டில் எத்தனையோ கோயில்கள் இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. 25ஆம் நம்பர் பஸ்ஸில் போனால் மைல் எண்ட் சாலையில் வில்லியம் பூத்தின் சிலை வரும். 1865இல் இந்தக் கிழக்கு லண்டன் தெருக்களில் அவர் தொடங்கிய ஊழியம்தான் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆனது. நாகர்கோவில் வடசேரியில் அவர் மனைவி பெயரில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறதே, எங்கள் பெரியம்மாவுக்குப் பிரசவம் அங்கேதான். சிலையைத் தாண்டும்போதெல்லாம் பெரியம்மா ஞாபகம் வந்துவிடும், அப்புறம் அவர் வைக்கும் புளிக்குழம்பு ஞாபகம். பஸ் ஒயிட்சேப்பல் போய்ச் சேரும்வரை நான் லண்டனில் இருக்கமாட்டேன்.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பெரிய மனத்தாங்கல் அதுதான். ட்ரஸ்ஸல் என்ற கிறிஸ்தவ அறக்கட்டளையின் முதல் உணவு வங்கி 2000இல் சாலிஸ்பரியில் ஆரம்பித்தது. இன்றைக்கு நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. 2023-24இல் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் அதன் வழியாகப் போயின. உலகத்தின் பெரிய பணக்கார நாடுகளில் ஒன்றில்! பெரும்பாலான உணவு வங்கிகளில் டாக்டரோ, கவுன்சிலோ, ஆலோசனை மையமோ எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். அதைக் காட்டினால் மூன்று நாளைக்கு உண்டான பொருள் கிடைக்கும். காரணம் இல்லாமல் இல்லை. சீட்டு எழுதுகிறவர் கடன், வாடகை பற்றியும் விசாரித்து வேறு உதவிக்கு வழிகாட்டுவார். நியாயம்தான். ஆனாலும் பசியை ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பசி என்பது என் தொண்டையில் இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் அசனம், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் பண்டிகைக்குப் போடுகிற பொதுப் பந்தி. தென்பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பண்டிகைக்கு முந்தின ராத்திரியே கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றி, ஆடு உரித்து, விடிய விடிய ஆண்கள் சமைப்பார்கள். வெந்த சோற்றை ஓலைப் பாயில் கொட்டிக் குவித்திருப்பார்கள், ஆவி பனைமர உயரத்துக்குப் போகும். ஓலைப்பெட்டியில் சோறும் வாளியில் குழம்புமாகப் பையன்கள் ஓடுவார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பஸ்ஸுக்கு நிற்கிறவர், நெற்றியில் திருநீறு பூசினவர், பக்கத்துத் தெரு பாய் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே குழம்பு. சாப்பிட்டு முடித்து வீட்டுக்குத் தூக்குவாளியிலும் வாங்கிப் போகலாம். பந்தியில் தன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஓரக்கண்ணால் கணக்குப் பார்த்த பெரியவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இலை போட்டபின் ஒருத்தரையும் எழுப்பிவிட்டதில்லை. தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றி உபதேசியார் எத்தனையோ பிரசங்கம் பண்ணினார். எனக்கு மனதில் நிற்கிற படம் கறிக்குழம்பு வாசனையோடுதான் இருக்கிறது.

இந்தப் புலம்பலை எங்கள் குருவானவரிடம் கொட்டினேன். நைஜீரியாவில் பிறந்த பெண்மணி, பேச்சைவிடக் கை வேகம். "வியாழக்கிழமை மதியம் கோயில் ஹாலில் சாப்பாடு போடுகிறோம், சீட்டு கிடையாது, வந்து சமை" என்று ஏப்ரனை நீட்டினார். அந்தச் சமையலறையில்தான் நான் இந்த நாட்டுக்குள் நுழைந்தேன் என்று சொல்வேன்.

அங்கே ஒரு ஜமைக்கா பாட்டி, ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி, நான். எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதால் கறி கிடையாது. பருப்பு, சோறு, ஒரு வெஞ்சனம். சமையலைவிடப் பயிற்சிதான் கடினம். சோறு வடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. ஊரில் பழைய சோறும் சின்ன வெங்காயமுமாக வளர்ந்தவன் நான் என்று மட்டும் வாய் திறக்கவில்லை. அடுத்தது ஒவ்வாமைப் பட்டியல். சாப்பாட்டில் இருந்தால் தெரிவிக்க வேண்டியவை என்று இந்த நாட்டில் 14 பொருள்களைக் குறித்திருக்கிறார்கள். பால், முட்டை, நிலக்கடலை, எள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் நம் கடுகு! பருப்பைத் தாளித்துவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். தேவனுடைய ராஜ்யத்துக்கு உவமையாக ஆண்டவர் இயேசு கையில் எடுத்த விதை, இங்கே எச்சரிக்கைத் தாளில். குருவானவரிடம் காட்டினேன். "ஒவ்வாதவர்களுக்கு ஒவ்வாதுதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டு அடுக்கப் போய்விட்டார். அதைவிட நல்ல பிரசங்கம் நான் இங்கே கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குக் கதவு திறக்கும். ராத்திரி பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து வருகிற மனிதர், ருமேனியக் கட்டட வேலைக்காரர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வங்காளதேசத்து அம்மா, பேச்சுத் துணைக்காகவே வருகிற வெள்ளைக்காரத் தாத்தா. அவரவர் தட்டு, அவரவர் நாற்காலி. உட்காருமுன் விருப்பமுள்ளவர்கள் கர்த்தர் ஜெபம் சொல்வார்கள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று கேட்ட மூச்சிலேயே அன்றன்றைய ஆகாரத்தையும் கேட்டுவிடுகிறோம் அல்லவா, இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது கையில் கரண்டியோடு நின்றபோதுதான் உறைத்தது. ஊரில் அதை மனப்பாடமாக ஓட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பையனும் வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பருப்பை இரண்டாம் தடவை வாங்க வந்தபோது, "அண்ணாச்சி, ரசம் வைக்க மாட்டீங்களா?" என்றான், தமிழில். யாழ்ப்பாணத்து அன்ரி முந்திக்கொண்டு, "அடுத்த கிழமை வைப்பம், நீர் வந்து பாத்திரம் கழுவும்" என்றார். வந்து கழுவினான். ஊர் சாயர்புரம் பக்கமாம். கேட்காமலே சொன்னான். ராத்திரி மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "உங்களுக்கு இங்கே பிடித்துப்போச்சு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஊரில் கோயில் வேலைகளைப் பார்க்கிற எங்கள் கோயில்பிள்ளை அசனத்தன்று அண்டாவுக்குள்ளேயே இறங்கி நின்று கழுவுவாரே என்று ஆரம்பித்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

இப்போது பிரச்சினை அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்காகக் கோயிலில் நன்றி சொல்கிற நாள். இங்கே அது பீன்ஸ் டின்னும் சூப் டின்னும் கொண்டுவந்து பலிபீடத்தின் முன் அடுக்குகிற பண்டிகை. நம் ஊரில்போலக் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது கிடையாது. முதல் காய்ப்புப் பலாப்பழத்தை நூறு மடங்கு விலைக்கு ஏற்றிவிட்டு, எடுத்தவரே மறுபடி ஏலத்துக்குக் கொடுக்கிற கூத்தெல்லாம் கிடையாது. கோழியை ஏலம் விடலாமா என்று கமிட்டியில் கேட்டேன், உயிரோடா என்று திகைத்தார்கள். சரி, கறிச்சோறாவது போடலாம் என்றேன். கிரீன் தெருவில் ஹலால் கறி எடுத்தால் எல்லாரும் சாப்பிடலாம், சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு இருக்கிறது. பணம்? குருவானவர் ஒப்புக்கொண்டார், பொருளாளர் பெருமூச்சு விட்டார். ஆனால் குழம்பு யாருடையது என்பதில்தான் மூன்று வாரமாகச் சண்டை. ஜமைக்கா பாட்டி, ஆட்டுக்கறி என்றால் தங்கள் தீவில் வைப்பதுதான், எலும்போடு ராத்திரியே மசாலாவில் ஊற வேண்டும் என்கிறார். யாழ்ப்பாணத்து அன்ரி, வறுத்த தூள் போடாத கறி கறியே இல்லை என்கிறார். எங்கள் ஊர் அசனக் குழம்பின் தேங்காயை நான் எடுத்துச் சொன்னேன். இருவரும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்களுக்குள் சமாதானமாகி, ஆளுக்கு ஒரு அண்டா என்று தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு வெங்காயம் உரிக்கிற பொறுப்பு.