வாய்க்காலுக்கு மட்டம் பார்த்த கதை

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டதற்கு அடுத்த வருஷம் சுற்றுவட்டார இளைஞர்கள் தாங்களாகவே குளம் தூர்வார இறங்கினார்கள். எங்களுக்கு அந்தச் சூடு வந்து சேர 2024 ஆகிவிட்டது. மொத்தம் ஒன்பது பேர். இரண்டு பேர் பிளஸ் டூ, மற்றவர்கள் கல்லூரி, நான் ஒருவன்தான் வேலைக்குப் போகிறவன். ஞாயிறு காலை ஆறு முதல் பத்து வரை வேலை. அதற்குமேல் வெயில் விடாது.

மே, முதல் மூன்று வாரம்

ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் குளம் நீர்வளத்துறையுடையது, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. எங்களுடையது சின்னக் குளம். அதனால் அனுமதிக்குப் பெரிய அலைச்சல் இல்லை.

உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அரிவாளால் தரையோடு வெட்டினோம், படம் எடுத்தோம், ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால் முதல் வாரம் வெட்டிய கட்டைகளில் கொத்துக் கொத்தாகத் துளிர்! வெட்டுவது இந்த மரத்துக்குக் கவாத்து செய்வதுபோலத்தான். அடிக்கட்டையை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தால்தான் அடங்கும். கடப்பாறை, மண்வெட்டியோடு ஒரு கட்டைக்கு அரை மணி நேரம் பிடித்தது. ரப்பர் செருப்போடு வந்த தம்பி ஒருவனுக்கு முள் உள்ளங்காலில் ஏறி ஒரு வாரம் சீழ். அதிலிருந்து ஷூ இல்லாதவன் கரையில் நிற்க வேண்டியதுதான்.

ஜூலை

ஒரு மாலை நல்ல மழை, இரண்டு மணி நேரம். மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தோம். நேராக விழுந்த தண்ணீர் மட்டும் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. முன்பு மடை பார்த்த ஐயா ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். “அப்பு, வாயைக் கட்டிப்போட்டுட்டு வயித்தைக் கழுவிக்கிட்டு இருக்கீங்க” என்றார். அவர் சொன்னது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை. அப்படி ஒன்று இருப்பதே எங்களில் ஆறு பேருக்குத் தெரியாது.

புல வரைபடத்தை இணையத்தில் எடுத்தோம். காகிதத்தில் வாய்க்கால் அழகாக ஓடியது, தரையில் ஓரிடத்தில் வாழை நின்றது. தோட்டக்காரர் எனக்குச் சித்தப்பா முறை. சண்டை போடவில்லை, தார் வெட்டியதும் விடுகிறேன் என்றார், விட்டார். எல்லா ஊரிலும் இப்படி நடக்காது என்று தெரியும்.

ஆகஸ்ட், மட்டம்

எங்கள் பெரிய தப்பு இங்கேதான். ரோட்டுப் பாலத்திலிருந்து குளத்து வாய் வரை 420 அடி. மண் இளக்கமாக இருந்த இடத்தில் ஆழமாகவும் இறுகிய இடத்தில் மேலாகவும் தோண்டிவிட்டு, முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். அடுத்த மழைக்குப் பாலத்தின் வழியாக வந்த தண்ணீர் நடுவில் நாங்கள் வெட்டிய குழியிலேயே படுத்துக்கொண்டது. கடைசி 120 அடிக்கு ஒரு சொட்டு போகவில்லை.

கொத்தனார் வேலை செய்யும் மாமா ஒருவரிடம் மட்டம் பார்க்கும் ட்யூபைக் கடன் வாங்கினோம். தண்ணீர் நிரப்பிய ட்யூபின் இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் எந்த இடம் எவ்வளவு பள்ளம் என்று தெரிந்துவிடும். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. இது தெரியாமல் முதல் நாள் எடுத்த அளவு அத்தனையும் வீண்.

ஐம்பது அடிக்கு ஒரு குச்சி நட்டு மறுபடி பார்த்தோம். பாலத்தடியை விடக் குளத்து வாய் நான்கு அங்குலம் மேடு! வருஷக்கணக்கில் வண்டல் வந்து படிந்த இடம் அது. தண்ணீர் எப்படி ஏறும்? பாலத்திலிருந்து குளம் வரை ஆறு அங்குலம் சரிவு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, வாயில் பத்து அங்குலம் இறக்கினோம். அங்கிருந்து பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். நடுக்குழியை எடுத்த மண்ணாலேயே மூடி மிதித்தோம். நான்கு ஞாயிறு ஓடியது. முன்பு தோண்டியதில் பாதி உழைப்புகூட இல்லை, ஆனால் ஒவ்வொரு குச்சியிலும் அளந்து அளந்து பொறுமை போய்விட்டது.

அக்டோபர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஒரு வாரம் மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு பிளஸ் டூ பையன் போன் செய்தான். “அண்ணே, சத்தம் கேக்குதுண்ணே, வாங்க” என்றான். டார்ச்சோடு போனோம். செம்மண் கலங்கலாக, வாழைச் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இல்லை. மழையில் நனைந்துகொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காலையில் ஐயா வந்து பார்த்தார். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கைக் காட்டி, “அங்க எப்ப ஏறும்?” என்று மட்டும் கேட்டார்.

இந்த வருஷம் ஏறாது. குளம் பாதிதான். பாலத்துக்கு மேலே இன்னும் அரைக் கிலோமீட்டர் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. மழை நின்றதும் அங்கே குச்சி நட வேண்டும். ட்யூபைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை.