காணாமற்போன 1993

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்திலிருந்து, 1970 முதல் 2017 வரையிலான 1,81,691 நிகழ்வுகள் அடங்கிய கோப்பை எடுத்து ஆண்டுவாரியாக வரைபடம் வரைந்தபோது, 1993ஆம் ஆண்டில் கோடு அறுந்து நின்றது. அவ்வாண்டு உலகம் அமைதியாக இருந்துவிடவில்லை; மும்பைத் தொடர் குண்டுவெடிப்பும், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் மீதான முதல் தாக்குதலும், இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசாவின் கொலையும் அவ்வாண்டில்தான் நிகழ்ந்தன. தொடக்க காலத் தகவல்களைத் திரட்டிய பிங்கர்டன் நிறுவனம் அலுவலகம் மாறியபோது அவ்வாண்டின் பதிவுகள் தொலைந்துபோயின என்பதே காரணம்.

இதைவிட என்னைத் தடுமாற வைத்தது 2012இல் தொடங்கும் செங்குத்தான ஏற்றம். ஈராக்கிலும் பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் வன்முறை பெருகியதும், 2014இல் தாக்குதல்கள் உச்சத்தைத் தொட்டதும் உண்மையே. ஆனால், ஏறக்குறைய அதே சமயத்தில் செய்திகளைக் கணினி கொண்டு சலித்துத் திரட்டும் முறையும் மாறியதால், அந்த ஏற்றத்தில் வன்முறையின் பங்கு எவ்வளவு, கூடுதலாகத் தேடியதன் பங்கு எவ்வளவு என்று வரைபடத்தைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல இயலாது. (முதல் வரைவில் நானும் இதைக் கவனிக்காமல் பெரிய முடிவொன்றை எழுதி, பிறகு அழித்தேன்.)

இந்தக் கோப்பில் ஒரு நிகழ்வு நிகழ்ந்த நாள் தெரியாவிட்டால், நாளுக்குரிய கட்டத்தில் சுழியம் இட்டிருப்பார்கள். அதை விலக்காமல் வாரநாள் கணக்குப் போட்டால் கணினி நிரல் பிழை காட்டும், அல்லது தவறான கிழமையைத் தரும்.