‘அ’ எழுதிய பெட்டிகள்

அக்டோபர் பாதி கழிந்ததும் அம்மா தன் ரப்பர் சப்பாத்துகளைக் கழுவி வாசலில் வைத்துவிடுவார். சினியோராவின் (அம்மா முன்பு வேலை செய்த வீட்டு அம்மையாரை இத்தாலிய வழக்கப்படி இப்படித்தான் அழைப்போம்) அழைப்பு எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து ஒலிவ மரம் நனைந்திருந்தால் காய் பறிக்கக் கூடாது. ஷிரோக்கோ என்கிற வெப்பக் காற்று தெற்கிலிருந்து கிளம்பிவிட்டால் காய் உதிரத் தொடங்கும், பிறகு ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது. அதனால் அவர் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுப்பார். “சனிக்கிழமை வாருங்கள்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. வீட்டோடு வருவோம் என்று அவருக்குத் தெரியும்.

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரில் அம்மா சினியோராவின் வீட்டில் 17 ஆண்டுகள் வேலை செய்தார். சமையல், துப்புரவு, கடைசியில் படுக்கையில் விழுந்துவிட்ட அவர் கணவரைப் பராமரித்தது, எல்லாம் அம்மாதான். 1999இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து இறங்கியபோது எனக்குப் பதினைந்து வயது. பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் அப்போதே நிறையத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்தன. அநேகமாக எல்லோரும் வீட்டு வேலைக்குத்தான் போனார்கள். அம்மாவும் போனார். அந்த வீட்டின் ஒலிவ எண்ணெயில் தினமும் சமைத்தாரே தவிர, அது விளைகிற நிலத்தை அவர் அத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

கணவர் இறந்த பிறகு சினியோரா பலெர்மோ வீட்டை மூடிவிட்டு, பார்த்தன்னா என்ற ஊருக்கு அருகில் இருக்கும் தன் பிறந்த வீட்டு நிலத்துக்கே போய்விட்டார். இரண்டு மகன்களும் வடக்கே மிலானோ பக்கம் இருக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொன்னார்கள். அவருக்கு மனம் வரவில்லை. அந்த இலையுதிர் காலத்தில், யாரும் கேட்காமலே, அம்மா அவரை அழைத்து “பறிப்புக்கு நாங்கள் வருகிறோம்” என்று சொன்னார். அப்போது அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சம்பளத்துக்குச் செய்தது முடிந்துவிட்டது, இது நானாகப் போய்ச் செய்வது என்று எங்களிடமும் ஒரு முறைக்கு இரு முறை சொன்னார். அந்த வித்தியாசம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தோட்டத்தில்தான் புரிந்தது.

பலெர்மோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். செகெஸ்தாவில் கிரேக்கப் பாணியில் கட்டிய பழைய கோயில் தூரத்துக் குன்றில் தெரிந்து மறையும். அதன் பிறகு திராட்சைத் தோட்டங்கள், கோதுமை அறுத்த மொட்டை நிலம். பெலிச்சே ஆற்றுப் பள்ளத்தாக்கை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் சாம்பல் பச்சை இலைகள்தான். இந்தப் பக்கத்து ஒலிவ இனத்துக்கு நொச்செல்லாரா தெல் பெலிச்சே என்று பெயர். காய் உருண்டையாகப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்கும். பச்சையாகவே பறித்து உப்புநீரில் ஊறவைத்து உண்ணவும் ஆகும், எண்ணெய்க்கும் ஆகும். உண்ணும் காயைச் செப்டம்பரிலேயே ஒவ்வொன்றாகக் கையால் பறித்து, கழுத்தில் தொங்கும் கூடையில் போட வேண்டும். சிறு அடி பட்டாலும் தோல் கறுத்துவிடும், வியாபாரி தள்ளிவிடுவான். நாங்கள் போவது எண்ணெய்க்கான பறிப்புக்கு. எழுபது மரங்கள்.

முதலில் வலை விரிக்க வேண்டும். மரத்தின் அடியைச் சுற்றி இரண்டு வலைகள், ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஒரு முழம் ஏறியிருக்க வேண்டும். நிலம் சரிவாக இருக்கும் பக்கம் வலையின் ஓரத்தைக் கல்லாலும் குச்சியாலும் தூக்கி நிறுத்தாவிட்டால் காய் உருண்டு ஓடிவிடும். பிறகு மரத்தில் கை வைக்கலாம். சீப்பு போன்ற பிளாஸ்டிக் கருவியால் கிளையை வாரிவிடுவார்கள். அம்மா அதைத் தொடுவதில்லை. கிளையின் மேற்பக்கத்தை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைப் பாதி மடக்கி, முருங்கைக்கீரை உருவுவது போல ஒரே இழுப்பில் உருவுவார். காய் மட்டும் விழும், இலை கிளையிலேயே நிற்கும். நான் உருவினால் இலையும் சேர்ந்து வந்தது. இரண்டாம் வருடம்தான் விரலின் இறுக்கம் எனக்குப் பிடிபட்டது: காயின் பருமனுக்கு மேல் விரலை மூடக் கூடாது, இழுப்பது மணிக்கட்டாக இருக்க வேண்டும். சாயங்காலம் கை முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பிசுபிசுவென்று இருக்கும். தண்ணீரில் போகாது. ஒரு முறை ஆசைப்பட்டு மரத்திலிருந்தே ஒரு காயைக் கடித்துவிட்டேன். வேப்பங்காய் தோற்றுப்போகும் கசப்பு, அரை மணி நேரம் நாக்கை விட்டுப் போகவில்லை.

முதல் வருடம் நான் செய்த ஒரு பிழையை இங்கே எழுதத்தான் வேண்டும். பெட்டி போதாமல் போகும் என்று நினைத்து, பலெர்மோவிலிருந்து அரிசிச் சாக்குகள் கொண்டு போயிருந்தேன். நான்கு சாக்கு நிறைய ஒலிவங்காயை நிரப்பி, வாயை இறுகக் கட்டி, கொட்டகையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை சினியோரா என்னைக் கூப்பிட்டு, ஒரு சாக்கை அவிழ்த்து, கையை உள்ளே விடச் சொன்னார். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டது போல உள்ளே சுட்டது. காடி வாசனை மெல்ல எழும்பியது. காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, காற்று இல்லாமல் குவித்து வைத்தால் அந்த வெப்பத்தில் தானே புளிக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் துளை வைத்த பெட்டி, அதனால்தான் பறித்த அன்றைக்கே ஆலைக்கு. எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற முதல்தரப் பெயரோடு விற்க வேண்டுமானால் 100 கிராம் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் 0.8 கிராமைத் தாண்டக் கூடாது. புளித்த காய் அந்தக் கணக்கை எளிதில் தாண்டிவிடும், மணமும் கெட்டுவிடும். அவர் திட்டவில்லை. “மரம் ஒரு வருடம் உழைத்தது” என்று மட்டும் சொன்னார். அந்த நான்கு சாக்கைத் தனியாக ஆட்டினார்கள். எண்ணெயை யாரும் வாயில் வைக்கவில்லை, அவர் அதில் சவர்க்காரம் காய்ச்சினார். அதில் இரண்டு கட்டி எங்கள் வீட்டுக்கும் வந்தது. கை கழுவும் போதெல்லாம் அந்தச் சூடு எனக்கு நினைவுக்கு வந்தது.

மதியச் சாப்பாடு கிணற்றடியில் இருக்கும் கல்மேசையில். கஸ்தெல்வெத்ரானோவின் கறுத்த ரொட்டி, மேலே எள் தூவியது. சிசிலிக்காரர்கள் எள்ளை ஜுஜ்ஜுலேனா என்பார்கள், அரபுக்காரர்கள் இந்தத் தீவை ஆண்ட காலத்தில் விட்டுப்போன சொல். ரொட்டியை இரண்டாகப் பிளந்து எண்ணெய், தக்காளி, நெத்தலி, உலர்ந்த ஓரகானோ வைத்து மூடி அழுத்துவார்கள். அம்மா விடியவே எழுந்து அவித்துக் கொண்டுவந்த புட்டும் பருப்பும் பக்கத்தில் இருக்கும். சினியோரா பருப்பின் மேல் தன் எண்ணெயை ஊற்றித்தான் சாப்பிடுவார். அம்மாவும் இப்போது அப்படித்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த மேசையில் முதல் தட்டை எடுத்து வைப்பவர் சினியோரா, அது போவது அம்மாவுக்கு. சாப்பிட்ட பாத்திரங்களை அம்மா தொட முடியாது. முதல் வருடம் அம்மா பழக்கத்தில் எழுந்து பாத்திரங்களை அடுக்கப் போனார். சினியோரா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. பதினேழு வருடம் அந்தக் கைகள் கழுவிய தட்டுகளை அன்று எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் கழுவினார். நான் வலைப் பக்கம் போய்விட்டேன்.

வலையில் காய் விழும் சத்தத்தைக் கேட்டால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் காதில் கேட்கிறது என்று சினியோரா ஒரு நாள் சொன்னார். 1968 ஜனவரி 14 பகலில் இந்தப் பள்ளத்தாக்கில் தொடங்கிய அதிர்வுகளுக்குப் பயந்து பலர் அன்றிரவு குளிரில் வெளியேதான் படுத்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஜிபெல்லீனா, பொஜ்ஜோரெயாலே, சலபருத்தா, மொந்தவாகோ என்று நான்கு ஊர்கள் இல்லாமல் போயின. பார்த்தன்னாவிலும் வீடுகள் விழுந்தன. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. தகரமும் பலகையுமான முகாம் வீட்டில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். மகன்களில் மூத்தவர் பிறந்தது அங்கேதான். பழைய ஜிபெல்லீனாவின் இடிபாடுகளை ஆல்பர்த்தோ பூர்ரி என்ற கலைஞர் வெள்ளைக் கான்கிரீட்டால் போர்த்தி, தெருக்கள் இருந்த இடத்தை மட்டும் வெடிப்புகள் போல நடக்க விட்டிருக்கிறார். உலகம் முழுவதிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். சினியோரா போனதே இல்லை.

அம்மா அன்று அவருக்கு 1995 அக்டோபர் 30ஐச் சொன்னார். போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஊரோடு கிளம்பி, மழையில், சனத்துக்குள் நெருங்கி, சாவகச்சேரிக்கு நடந்த இரவு. எனக்குப் பதினொரு வயது. அம்மாவின் இத்தாலிய மொழி சமையலறைக்கும் மருந்துக்கும் போதுமானது, இதற்குப் போதாது. நான் இடையில் நின்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேரும் உருவுவதை நிறுத்தவில்லை. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இதைப் பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை. ஒரே கிளையின் இரண்டு பக்கமும் நின்று, முகத்தை முகம் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டு பேசியதால் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய தோட்டங்களில் செனகல், துனீசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் பறிப்பார்கள். பெட்டிக் கணக்கில் கூலி. காலையில் நாங்கள் வரும்போது அவர்கள் ஏற்கனவே ஏணியில் நிற்பார்கள், நாங்கள் கிளம்பும்போதும் நிற்பார்கள். பருவம் முழுக்க, சரியான தங்குமிடம்கூட இல்லாமல். மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கூலி வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்குக் கிடைத்தது, அம்மா கூலிக்கு உழைத்து என்னைப் படிக்க வைத்ததால். ‘தன்னார்வமாக உதவினேன்’ என்று நான் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதி உண்மைதான். நமது இளைஞர்களில் பலரும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இருட்டும் நேரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு த்ரப்பேத்தோவுக்குப் போவோம். செக்கு என்றுதான் அம்மா சொல்வார், உள்ளே இருப்பது முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு இயந்திரம் என்றாலும். காற்று ஊதி இலையைப் பிரிக்கும், தண்ணீர் கழுவும், கொட்டையோடு சேர்த்து அரைக்கும். அரைத்த விழுது ஒரு தொட்டியில் அரை மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்கும். வெப்பம் 27 டிகிரிக்குள் நின்றால்தான் குளிர்முறையில் எடுத்தது என்று போட்டுக்கொள்ளலாம். சினியோரா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு அந்த வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பின்பு விழுது உருளைக்குள் போய் வேகமாகச் சுழன்று, மறுமுனையில் ஒரு சிறிய குழாய் வழியாக எண்ணெய் வரும். முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு விரல் பருமன். கடையில் பார்க்கும் தெளிந்த மஞ்சள் கிடையாது. கலங்கலான, கண்ணைக் கூச வைக்கும் பச்சை. புதிதாக வெட்டிய புல்லும் தக்காளி இலையும் கலந்த வாசனை. சுட்ட ரொட்டித் துண்டைக் குழாயடியில் நீட்டுவார்கள். நாக்கில் முதலில் கசப்பு, விழுங்கியதும் மிளகு கடித்தது போலத் தொண்டையில் ஒரு காரம், உடனே இருமல். இருமினால் நல்ல எண்ணெய் என்று ஆலைக்காரர் சிரிப்பார்.

சென்ற வருடம் மூன்று நாளில் 71 பெட்டிகள், பெட்டிக்கு 20 கிலோ. நூறு கிலோவுக்குப் பதினைந்து கிலோ எண்ணெய் கிடைத்தது. எங்களுக்கு ஐந்து லிட்டர் தகரம் நான்கு. முதல் வருடம் சினியோரா ஒரு கடித உறையில் பணம் வைத்துக் கொடுத்தார். அம்மா அதைத் திறக்காமலே மேசையில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருடத்திலிருந்து உறை இல்லை, எண்ணெய் மட்டும். அதை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

ஆலையில் எல்லோருடைய பெட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரவு பத்து மணிக்கு ஐந்தாறு குடும்பத்தின் காய் ஒரே முற்றத்தில் அடுக்கியிருக்கும்போது மாறிப்போகாமல் இருக்க, மூன்றாம் வருடம் அம்மா ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து எங்கள் பெட்டிகளில் ‘அ’ என்று எழுதினார். தன் பெயரின் முதல் எழுத்து. ஆலைப் பையன்களுக்கு அது நத்தை போலத் தெரிந்தது. நத்தைப் பெட்டி எங்கே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அது எழுத்து என்று சினியோரா ஒவ்வொருவரிடமும் சொல்லித் திருத்தினார். அந்தக் குளிர்காலத்தில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி, தன்னிடமிருந்த அத்தனை பெட்டியிலும் அதைத் தானே எழுதி வைத்தார்.

இந்தச் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெயிலில் மங்கிய எழுத்துகளின் மேல் மறுபடி தூரிகை வைத்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் நடுங்குகிறது. நாம் முடிக்கும் இடத்திலிருந்து அவர் தொடங்குகிறார், கீழ்நோக்கி இறங்கும் கோட்டை முதலில் போட்டுவிட்டுச் சுழிக்கு வருகிறார். எழுத்து சரியாகத்தான் வருகிறது.