நான்கே உறுப்புகளில் மடக்கை 2: செபிஷேவா, லெஜாண்டரா?

1 − 1/2 + 1/3 − 1/4 + … என்னும் தொடரை நேராகக் கூட்டினால், பத்து லட்சம் உறுப்புகளைக் கடந்தும் ஆறாவது தசம இடத்தில்தான் நிற்போம். அதன் முதல் நான்கு உறுப்புகளை மட்டும் கொண்டு 0.6931464 வரை வந்துவிட்டேன்; இயல் மடக்கை 2-இன் மதிப்பு 0.6931472.

குறிகள் மாறிமாறி வரும் இத்தகைய தொடர்களை விரைந்து கூட்ட, கோஹன், ரோட்ரிகெஸ் வியேகாஸ், ஸாகியே என்னும் கணிதவியலாளர்கள் மூவரும் 2000-இல் வெளியிட்ட, செபிஷேவ் பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களைப் பயன்படுத்தும் முறையிலிருந்துதான் தொடங்கினேன். என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது கெழுக்களைத் தயாரிக்கும் படி. இறுதியில் வகுக்க வேண்டிய வகுஎண்ணை √8-ஐக் கொண்டு மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது கணினி குறிப்பிட்ட இலக்கங்களோடு நிறுத்திவிடும் தசம எண்ணாகக் கணக்கிட்டால் பதினாறாவது இலக்கத்தோடு துல்லியம் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முந்தைய எண்ணின் ஆறு மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழித்து, 1, 3, 17, 99, 577 என முழு எண்களாகவே ஏறுகிறேன். நான்கு உறுப்புகளுக்கான கெழுக்கள், குறியை விட்டுவிட்டால், 1, 32, 160, 256, 128. இவற்றை 577-இலிருந்து வரிசையாகக் கழித்தால் 576, 544, 384, 128 என்னும் பெருக்கிகள் கிடைக்கும்; தொடரின் நான்கு உறுப்புகளை முறையே இவற்றால் பெருக்கிக் கூட்டி, 577-ஆல் வகுக்க வேண்டும். கடைசிக் கெழுவையும் கழித்தபின் சுழியம் வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது. விடை 400/577, அதாவது 0.69324.

செபிஷேவுக்குப் பதிலாக லெஜாண்டர் பல்லுறுப்புக்கோவையை எடுத்தால் கெழுக்கள் 1, 20, 90, 140, 70, கூட்டுத்தொகை 321, பெருக்கிகள் 320, 300, 210, 70. முதலில் சொன்ன விடை இதன் கொடைதான். இத்தொடரின் உறுப்புகள், எக்ஸ்-இன் அடுக்குகளை 0 முதல் 1 வரை சீரான நிறையோடு, அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே முக்கியத்துவம் தந்து, தொகையிட்டால் வருபவை. லெஜாண்டர் கோவைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாவதும் (வெவ்வேறான இரண்டைப் பெருக்கித் தொகையிட்டால் சுழியம் வருவதும்) அதே நிறையில்தான்.

இந்தப் பெருமிதம் கேரளக் கணிதவியலாளர் மாதவரின் 1 − 1/3 + 1/5 − … தொடரிடம் செல்லவில்லை. அங்கே லெஜாண்டர் தந்தது 0.78505, செபிஷேவ் தந்தது 0.78541, உண்மை மதிப்பு π/4, அதாவது 0.78540. அத்தொடரின் நிறை 1/√எக்ஸ் என்பதால், சுழியத்தருகே அதேபோல் உயரும் செபிஷேவ் நிறைக்கு அது நெருக்கமானது.

(சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய கட்டம்போட்ட நோட்டு இதற்கு மிகவும் தோதாக இருக்கிறது, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் கழித்தலில் குழப்பமே வருவதில்லை.)

1/√எக்ஸ் நிறைக்கு இரட்டைப்படை அடுக்குகள் மட்டுமே கொண்ட லெஜாண்டர் கோவைகளே பொருந்துகின்றன: கெழுக்கள் 35, 1260, 6930, 12012, 6435; நான்கு உறுப்புகளில் 0.785397. எட்டு உறுப்புகளைப் பைத்தான் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் மனம் 1 − 1/4 + 1/9 − … பக்கம் போய்விட்டது. அதன் நிறையில் மடக்கையே வருவதால் ஆயத்தக் கோவை எதுவும் கைகொடுக்காது, நானே கட்டியெழுப்ப வேண்டியிருக்கும்.