தெரிந்தும் சொல்லாத ஒரு வசனம்

தாதிய மாணவிகளுக்கு ஒழுக்கநெறி படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடங்களில் நான் கரும்பலகையைத்தான் நம்பினேன். தன்னாட்சி (நோயாளி தானே முடிவெடுக்கும் உரிமை), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கொள்கைகளையும் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பாடமாக்கிப் பரீட்சையில் அழகாக எழுதுவார்கள். அவர்களில் மிக நன்றாக எழுதிய ஒருத்திதான் எனக்கு வேறொன்றைக் கற்றுத் தந்தாள்.

கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை வாட்டு. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அனுப்பப்பட்ட வயதான அம்மா, நீரிழிவுப் புண்ணோடு படுத்திருந்தார். காலையில் சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கியாயிற்று. மத்தியானம் அந்த மாணவி என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்.

"மிஸ், விரலை வெட்டி எடுக்கப் போறதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. புண்ணைக் கழுவத்தான்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"நீ பக்கத்திலதானே நின்ன? ஏன் சொல்லல?"

"டொக்டர் சேர் சிங்களத்துல வேகமா பேசிட்டு இருந்தாரு. நான் ஸ்டூடன்ட்தானே மிஸ்."

எனக்குக் கோபம் வரவில்லை. 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறிஞர் தாதியர்களைப் பற்றி எழுதும்போது இந்த வேதனைக்கு ஒரு பெயர் வைத்தார்: அறநெறித் துயரம். சரி எது என்று தெரிகிறது, ஆனால் நிறுவனம் அதைச் செய்ய விடுவதில்லை. ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் ஒழுக்கச் செயலுக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்றார்: பிரச்சினையைக் காணுதல், எது சரி என்று தீர்மானித்தல், அதையே முதலில் வைக்க விரும்புதல், கடைசியாக, செய்து முடிக்கும் உறுதி. இந்தப் பிள்ளையிடம் முதல் மூன்றும் இருந்தன. நான்காவதை நான் ஒருநாளும் படிப்பித்திருக்கவில்லை.

இரண்டு பேரும் வாட்டுக்குத் திரும்பினோம். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார், டொக்டரும் வந்தார். அவர் சொல்லச் சொல்ல மாணவி தமிழில் சொன்னாள். அம்மா அழுதார். மகன் வரட்டும் என்றார். மகன் வந்து பேசிய பிறகு, மறுநாள்தான் அம்மா சம்மதித்தார். அதற்குள் மாணவியின் கையைப் பிடித்து அவர் கேட்டது இவ்வளவுதான்: "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. ஆனால் நான் பார்த்த வாட்டுகளில் தமிழ் தெரிந்த யாரையாவது அவசரத்துக்குக் கூப்பிடுவதுதான் வழக்கம். சில நேரம் தேநீர் கொண்டுவரும் ஊழியர், சில நேரம் நோயாளியின் பேரப்பிள்ளை. ஒரு சிறு பிள்ளையின் வாயால் பாட்டிக்கு அந்தச் செய்தியைச் சொல்ல வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்புறம் பாடத்தை மாற்றினேன். நரம்பில் மருந்து ஏற்றும் குழாயான கனுலாவைப் போட ரப்பர் கையில் எத்தனையோ முறை பழக விடுகிறோம். ஒரு டொக்டரை நிறுத்தி ஒரு வசனம் சொல்ல ஒரு முறையாவது பழக விட்டோமா? இப்போது வகுப்பில் நான் டொக்டராக நிற்பேன், அவசரப்படுவேன், முகம் பார்க்க மாட்டேன். மாணவி சிங்களத்தில் "சேர், பொட்டக் இன்ன" (கொஞ்சம் பொறுங்கள்) என்று என்னை நிறுத்தி, நோயாளிக்கு விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் முறை அநேகமாக எல்லோருக்கும் குரல் கம்மிவிடும். சிலர் அழுதும் இருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

வாட்டில் நான் பக்கத்தில் நிற்காமல் அவர்களை மட்டும் பேசச் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஏச்சு விழுந்தால் முதலில் எனக்கு விழட்டும். அதனால் மருத்துவ நடைமுறை நாட்களில் காலையிலேயே போய்விடுகிறேன்.

அந்த மாணவி இப்போது தாதியாக வேலை செய்கிறாள். போன மாதம் இரவு டியூட்டி முடிந்து எனக்கு அழைத்தாள்.

"மிஸ், இன்னைக்கு ஒருத்தரை நிறுத்திக் கேட்டேன். அவருக்குக் கோபம்தான். ஆனா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினாரு."