காலைக் கழட்டினதும் முதல்ல தோலைப் பாக்கணும்

செயற்கைக் கால் செஞ்சு பொருத்துற வேலைக்கு வந்த புதுசுல நான் முதல்ல பாக்குறது நடையைத்தான். ஆளு உள்ள நுழைஞ்சு நாற்காலியில வந்து உக்கார்றதுக்குள்ள இடுப்பு சாயுதா, முட்டி மடங்குதா, பாதம் வெளிப்பக்கம் திரும்புதான்னு கண்ணு அதுலயேதான் இருக்கும். இப்ப உக்காந்ததும் "காலைக் கழட்டிருங்க, லைனரையும் எடுத்துருங்க"ன்னு சொல்லிடுறேன். லைனர்ங்கிறது செயற்கைக் காலுக்கு உள்ள, தோலை ஒட்டிப் போடுற மெத்துன்னு இருக்கிற உறை. கழட்டின உடனே அங்கங்க சிவப்பா தெரியத்தான் செய்யும், அதுல பத்து நிமிஷத்துல மறைஞ்சு போறதைப் பத்தி கவலை இல்ல, பேசிக்கிட்டே இருக்கேன், இருபது நிமிஷம் ஆகியும் ஒரு இடம் மட்டும் அப்படியே சிவந்து நிக்குதுன்னா அங்கதான் என் வேலை.

இந்தப் பழக்கம் வந்தது ஒரு தப்புலருந்து. முட்டிக்குக் கீழ கால் எடுத்தவர் ஒருத்தர், கால் போட ஆரம்பிச்சு ஆறேழு மாசம் இருக்கும், "எலும்பு முனை குத்துது சார்"னு வந்தார். பாத்தேன், முன் எலும்பு முடியிற இடத்துல காசு அளவுக்கு ஒரு சிவப்பு. சரி, சாக்கெட், அதாவது மிச்சக் கால் உள்ள போய் உக்கார்ற கூடு, அங்க அழுத்துதுன்னு முடிவு பண்ணி உள்பக்கம் அந்த இடத்தைத் தேச்சுக் குழிச்சுக் குடுத்தேன். நாலு நாள்ல திரும்பி வந்தார், மறுபடி தேச்சேன். மூணாவது தடவை வரும்போது தோல் பிஞ்சிருந்துச்சு. கூட வேலை பாத்த மூத்தவர் எட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "எத்தனை சாக்ஸ் போடுறார்?" பாதத்துல போடுற சாக்ஸ் இல்ல, சாக்கெட்டுக்குள்ள இடைவெளி விழாம இருக்க மிச்சக் கால் மேல போடுறது. நான் அதைக் கேக்கவே இல்ல.

நடந்தது இதுதான். ஆபரேஷன் முடிஞ்சு முதல் ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் வரைக்கும்கூட, மிச்சக் கால் வத்திக்கிட்டே வரும், வீக்கம் இறங்கும், வேலையில்லாத சதை கரையும். சாக்கெட் மட்டும் பழைய அளவுலயே இருக்கும்ல, அதனால கால் உள்ள இறங்கிடும். முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கிற தசைநாரும் எலும்போட உள்பக்கச் சரிவும் தாங்க வேண்டிய எடையை எலும்பு முனை போய்த் தாங்குது. நான் அடியில குழிச்சுக் குழிச்சுக் குடுத்ததுல அவர் கால் இறங்கினதுக்கு ஒரு தீர்வும் கிடைக்கல, புண்ணுதான் பெருசாச்சு. புண் ஆறினப்புறம் 3 பிளை சாக்ஸ் ஒண்ணு, மேல 1 பிளை ஒண்ணு (பிளைங்கிறது சாக்ஸோட தடிமன் கணக்கு) போட்டு நிக்க வெச்சோம், கீழ இறங்கியிருந்த முட்டிச்சில்லு ஏறி, அது இருக்க வேண்டிய எடத்துக்கே வந்துச்சு, குத்தல் இல்ல. அதுக்கு நடுவுல ரெண்டு வாரம் அவர் கால் போடாம கக்கத்துக் கட்டையிலதான் நடந்தார். தப்பு என்னோடதுன்னு அவர்கிட்டயே சொன்னேன், சொல்லாம இருக்க முடியல.

அதுக்காக சாக்ஸை அடுக்கிக்கிட்டே போகவும் கூடாது. ரொம்ப போட்டா கால் அடிவரைக்கும் இறங்காது, மேல இறுக்கிப் பிடிச்சு கீழ காலியா தொங்கும், ரத்தமும் நீரும் முனையில தேங்கும், தோல் கருத்துத் தடிச்சு, கவனிக்காம விட்டா மரு மாதிரி சொரசொரன்னு ஆயிடும். முனை அடியைத் தொடுதான்னு சந்தேகம் வந்தா ஒரு சின்ன களிமண் உருண்டையை சாக்கெட்டுக்குள்ள போட்டு நிக்கச் சொல்லுவேன், அது லேசா நசுங்கியிருந்தா சரி, உருண்டையாவே இருந்தா கீழ இடைவெளி இருக்கு, தகடா ஆயிருந்தா கால் அடியில இடிக்குது. காலையில ஒரு அளவு, சாயந்திரம் ஒரு அளவுன்னு ஒரே நாள்லயே கால் மாறும், டயாலிசிஸ் பண்றவங்களுக்கு இன்னும் அதிகமா மாறும், அதனால சாக்ஸைப் பையில வெச்சுக்கிட்டு நடுவுல கழட்டிப் போடத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொருத்தங்களை மறக்க முடியாது. சர்க்கரை உள்ளவங்க, வயசானவங்க. "வலி ஏதும் இல்ல தம்பி, நல்லா இருக்கு"ன்னாங்க. லைனரை உருட்டி எடுத்தேன், பின்பக்கம் சதையில கயிறு வெச்சுக் கட்டின மாதிரி ஒரு தடம், அதுக்கு நடுவுல நகத்தளவு தோல் உரிஞ்சு நீர் கசிஞ்சிருக்கு, லைனர் உள்பக்கம் மஞ்சளா கறை. லைனர் அந்த இடத்துல மடங்கியிருந்துச்சு, அவ்வளவுதான் காரணம். "அம்மா, இது எத்தனை நாளா இருக்கு?"ன்னா அவங்களுக்குத் தெரியல, உணர்ச்சி கம்மி, பின்பக்கம் கண்ணுக்கும் எட்டாது. வலிக்குதான்னு கேட்டு இல்லைன்னதும் விட்டுடுற பழக்கம் நம்ம கிட்ட இருக்கு, சர்க்கரை இருக்கிறவங்க கிட்ட அந்தக் கேள்வியை நம்பவே கூடாது.

தெரிஞ்சே மறைக்கிறவங்களும் உண்டு. கொப்புளம் இருக்குன்னு சொன்னா காலைப் போடாதேன்னு சொல்லிடுவாங்க, அப்புறம் எப்படி வேலைக்குப் போறதுன்னு பயம். அந்த பயத்துல நியாயம் இருக்கு. "ஆறுற வரைக்கும் போடாதீங்க"ன்னு சொல்ல நமக்கு ரெண்டு நொடி, அவங்களுக்கு அது சம்பளம், பஸ் ஏறுறது, புள்ளையைத் தூக்குறது. பிஞ்ச தோல் மேல போடக்கூடாதுங்கிறதுல மாத்தமில்ல, ஆனா அந்த நாளெல்லாம் எப்படி ஓட்டப் போறீங்கன்னு கூட உக்காந்து பேசிட்டு அனுப்பினா அடுத்த தடவை சின்ன சிவப்பா இருக்கும்போதே வந்து காட்டுறாங்க, இதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, நடக்கப் பழக்க நாள் கணக்கா நேரம் ஒதுக்குறோம், கழுவிக் காயவைக்கச் சொல்லிக் குடுக்க அஞ்சு நிமிஷம்கூட ஒதுக்குறதில்ல. காலையில குளிச்ச ஈரத்தோட லைனரை ஏத்தினா தோல் ஊறிப்போய் சீக்கிரம் கிழியும், அதனால மிச்சக் காலை ராத்திரி கழுவணும், க்ரீம் தடவுறதும் ராத்திரிதான். லைனரை தினமும் மைல்டான சோப்புல கழுவி வழுவழுப்பு போற வரைக்கும் அலசணும், லைனர் ஒத்துக்கலைன்னு அரிப்போட வந்தவங்கள்ல எத்தனையோ பேருக்கு தங்கிப்போன சோப்புதான் காரணமா இருந்துச்சு. முடியை ஷேவ் பண்ணக் கூடாது, வெட்டின முடி உள்ள வளைஞ்சு வேர்ல சீழ் கட்டும். வியர்வை ஆரம்பத்துல ரொம்ப இருக்கும், பல பேருக்குப் போகப் போகக் குறையும், அதுவரைக்கும் மத்தியானம் ஒரு தடவை கழட்டித் துடைச்சுட்டுப் போடுறதுக்கு வெக்கப்படவே வேண்டாம்.

இப்பல்லாம் புதுக் கால் குடுக்குற அன்னிக்கு நடக்க வைக்கிறதுக்கு முன்னாடி லைனரை என் முன்னால மூணு தடவை போட்டுக் காட்டச் சொல்றேன். முழுசா உள்ளதை வெளிய திருப்பி, அடியைக் கால் முனையில ஒட்ட வெச்சு அழுத்தி, காத்து நிக்காம மேல உருட்டிட்டு வரணும். காத்து நின்னா அங்க கொப்புளம் வரும். அப்புறம் கைப்பிடி வெச்ச கண்ணாடி ஒண்ணைக் கையில குடுத்து, பின்பக்கம் என்ன தெரியுதுன்னு அவங்களையே சொல்ல வைக்கிறேன். "தையல் தழும்பு தெரியுது தம்பி, பக்கத்துல லேசா சிவப்பா இருக்கு"ன்னாங்க அன்னிக்கு அந்தம்மா, கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு.